மாணவியின் முதல் கடன் அட்டை: வைப்புநிதியை ஈடாக வைத்து எடுத்த ஓர் அட்டை குறித்த நிகழ்வு ஆய்வு

இந்தியாவில் ஒரு கல்லூரி மாணவர் தன் பெயரில் முதல் கடன் அட்டை வாங்க முனையும்போது, எந்த அட்டையில் சலுகை அதிகம் என்ற கேள்வியோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார். வணிகவியல் பயிற்றுவிப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வியோடு வரும் மாணவர்களைப் பல ஆண்டுகளாகச் சந்தித்து வருகிறேன். சலுகைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் இவர்களுக்கு என் உதவி தேவைப்படுவதில்லை. அவர்களே அட்டவணை போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்த அட்டவணையில் இடம்பெறாத இரண்டு விவரங்கள்தான் பின்னால் அவர்களைச் சிரமப்படுத்துகின்றன. அட்டைக்காக எவ்வளவு பணம் முடங்குகிறது என்பது ஒன்று. பில் கட்ட வேண்டிய நாளில் கையில் பணம் இருக்குமா என்பது மற்றொன்று. 2025ஆம் ஆண்டில் நான் அருகிலிருந்து பார்த்த ஒரு நிகழ்வை இங்கே விரிவாக எழுதுகிறேன். அதில் தவறாகப் போன ஒரு முடிவுக்கு நான் சொன்ன ஆலோசனையும் காரணம் என்பதால், அதை மறைக்காமல் பதிவு செய்வது கடமை என்று கருதுகிறேன். மாணவியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியுள்ளேன். கணக்கைப் படிப்பவர் தாமே போட்டுப் பார்க்க வசதியாகத் தொகைகளையும் தேதிகளையும் முழுமையாகத் தந்திருக்கிறேன்.

பின்னணி

மாணவிக்கு அப்போது வயது 21, முதுகலை முதலாண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்து மாதம் 9,000 ரூபாய் அளவில் சம்பாதித்தார். அந்தப் பணம் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதியை ஒட்டிக் கைக்கு வரும். கல்வி உதவித்தொகை பருவத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் தாமதமாகவே வரவு வைக்கப்படும். இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த 20,000 ரூபாய் சேமிப்புக் கணக்கில் இருந்தது. படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்த பிறகு வங்கியில் கடன் கேட்க நேர்ந்தால், அதற்குள் தன் பெயரில் ஓர் ஒழுங்கான கடன் வரலாறு இருக்க வேண்டும் என்பதே அவர் அட்டை வாங்க நினைத்ததற்குக் காரணம். செலவு செய்யும் ஆசை அதில் அறவே இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் நேர்ந்த சிக்கலைப் பொறுப்பின்மை என்று எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

கடன் வரலாறு குறித்து அவர் அறிந்திருந்தது சரியே. இதுவரை எந்தக் கடனும் வாங்காத ஒருவருக்குக் கடன் தகவல் நிறுவனங்களிடம், அதாவது யார் வாங்கிய கடனை எப்படிக் கட்டுகிறார் என்று பதிவு செய்து வைக்கும் நிறுவனங்களிடம், மதிப்பெண்ணே இருக்காது. அவற்றுள் ஒன்றான சிபில் தரும் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். ஆனால் அந்த அளவுகோலில் ஓர் இடம் கிடைக்கவே, முதலில் ஏதோ ஒரு கடன் கணக்கு சில மாதங்கள் நடப்பில் இருந்தாக வேண்டும். கடன் கொடுப்பவர் வரலாறு கேட்கிறார். வரலாறு வேண்டுமென்றால் யாராவது கடன் கொடுக்க வேண்டும். மாணவர்கள் எல்லாரும் சிக்கிக்கொள்ளும் முடிச்சு இது.

அட்டையைத் தெரிவு செய்த விதம்

2025 ஜனவரியில் அவர் ஒரே வாரத்தில் இரண்டு நிறுவனங்களுக்கு இணையம் வழியாக விண்ணப்பித்தார். இரண்டும் நிராகரிக்கப்பட்டன. விண்ணப்பத்தை நிராகரித்தால் அதற்கான குறிப்பான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்டு, அதே ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கடன் அட்டை நெறிமுறை கூறியது. அதன்படி வந்த மின்னஞ்சலில் வருமானச் சான்று இல்லை என்ற காரணம் இருந்தது. பாடம் சொல்லிக் கொடுத்து வரும் பணத்துக்குச் சம்பளச் சீட்டும் கிடையாது, வருமான வரிக் கணக்கும் கிடையாது என்பதால் இது எதிர்பார்க்க வேண்டிய பதில்தான். இந்த இரண்டு விண்ணப்பங்களும் அவருடைய கடன் அறிக்கையில் விசாரணைகளாக, அதாவது கடன் கேட்டதற்கான குறிப்புகளாக, பதிவாகிவிட்டன. வரலாறே இல்லாத ஓர் அறிக்கையின் முதல் இரண்டு வரிகள் அவையாகத்தான் இருந்தன. கிடைக்க வாய்ப்பே இல்லாத அட்டைக்கு விண்ணப்பித்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று மாணவர்கள் கேட்பதுண்டு, நஷ்டம் இதுதான்.

அதன் பிறகு அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. தந்தையின் அட்டையோடு இணைந்த துணை அட்டை முதலாவது. “என் கார்டுலயே ஒண்ணு வாங்கிக்கம்மா, எதுக்கு உனக்குத் தனியா?” என்று தந்தை சொல்லியிருக்கிறார். துணை அட்டையில் செய்யும் செலவுக்கு முதன்மை அட்டைதாரரே பொறுப்பு. கணக்கு அவர் பெயரில் இருப்பதால் அதன் வரலாறும் பொதுவாக அவரையே சேரும். மாணவியின் நோக்கத்துக்கு இது உதவாது என்பதால் அவர் மறுத்தது சரியே. கையில் அவசரத்துக்கு ஓர் அட்டை இருந்தால் போதும் என்று நினைப்பவருக்கு இதைவிட எளிய வழி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, ஒரு முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அழைப்பு. வைப்புநிதியை ஈடாக வைத்து எடுக்கும் அந்த அட்டை வாழ்நாள் முழுவதும் இலவசம் என்றும், இணையத்தில் வாங்கும் சில பொருள்களுக்கு 5 விழுக்காடு பணம் திரும்பக் கிடைக்கும் என்றும் அதில் இருந்தது. அட்டை வழங்குபவர் விண்ணப்பத்தோடு ஒரு பக்க அளவில் முக்கிய விவரத் தாளைத் தர வேண்டும் என்பது விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கச் சொன்னேன். முகவர் இரண்டு நாள் கழித்து அனுப்பிய தாளில், முதலாண்டு மட்டும் இலவசம் என்றும், இரண்டாம் ஆண்டிலிருந்து 499 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும் ஆண்டுக் கட்டணம் என்றும் தெளிவாகவே அச்சிட்டிருந்தது. எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை. வாய்மொழிக்கும் தாளுக்கும் வேறுபாடு இருந்தால் தாள்தான் செல்லும்.

மூன்றாவது, அவர் ஏற்கெனவே கணக்கு வைத்திருந்த வங்கியே தந்த எளிய அட்டை. இதுவும் வைப்புநிதியை ஈடாகக் கொண்டதுதான். ஆண்டுக் கட்டணம் இல்லை. எல்லாச் செலவுக்கும் 1 விழுக்காடு மட்டும் திரும்பக் கிடைக்கும். ரூபே அட்டை என்பதால் கடைகளில் யுபிஐ வழியாகவும் பயன்படுத்தலாம்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் நாங்கள் காகிதத்தில் கணக்கிட்டோம். மாணவியின் செலவு மாதம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 36,000. அதில் பாதி, 5 விழுக்காடு கிடைக்கும் பொருள்களுக்குச் செல்வதாகத் தாராளமாக வைத்துக்கொண்டால் 900 ரூபாய்; மீதிப் பாதிக்கு 1 விழுக்காடு வீதம் 180; ஆக 1,080. ஆண்டுக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 588.82 ரூபாயைக் கழித்தால் எஞ்சுவது 491 ரூபாய். கட்டணம் இல்லாத அட்டையில் அதே செலவுக்கு 360 ரூபாய். ஆண்டு முழுவதற்கும் வேறுபாடு 131 ரூபாய்தான். இந்தத் தொகைக்காக முகவர் ஒருவர் மூலம் புதிய வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை என்று முடிவு செய்து மூன்றாவது அட்டையையே அவர் எடுத்தார். இந்த முடிவில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

தவறு நேர்ந்தது இதற்கு அடுத்த கேள்வியில். எவ்வளவு தொகையை வைப்புநிதியாக வைப்பது என்று அவர் கேட்டார். அந்த வங்கி வைப்புத் தொகையில் 80 விழுக்காட்டை அட்டையின் வரம்பாகத் தந்தது. 10,000 வைத்தால் வரம்பு 8,000. மாதச் செலவு 3,000 என்பது அதில் 37.5 விழுக்காடு. 20,000 வைத்தால் வரம்பு 16,000, பயன்பாடு 18.75 விழுக்காடு. வரம்பில் 30 விழுக்காட்டுக்குள் செலவைக் கட்டுப்படுத்துவது மதிப்பெண்ணுக்கு நல்லது என்று பரவலாகச் சொல்லப்படுவதை மனத்தில் வைத்து, முழுத் தொகையையும் வைத்துவிடலாம் என்று சொன்னேன். பிப்ரவரியில் அவருடைய 20,000 ரூபாயும் ஆண்டுக்கு 6.5 விழுக்காடு வட்டியில் வைப்புநிதியானது. அதன் மேல் வங்கி லியன் போட்டது. அதாவது அட்டைக் கணக்கு இருக்கும் வரை அந்தப் பணத்தை எடுக்கவோ, அதன் பேரில் வேறு கடன் வாங்கவோ முடியாதபடி பிணை வைத்துக்கொண்டது.

முதல் ஐந்து மாதங்கள்

மார்ச் முதல் ஜூலை வரை குறிப்பிடும்படியாக எதுவும் நிகழவில்லை. பில் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி வந்தது; கட்ட வேண்டிய கடைசி நாள் 25. ஐந்து பில்களையும் முழுத் தொகையாகக் கட்டினார். யுபிஐ வழியாகப் பயன்படுத்தியதால் ஒரு மாதப் பில்லில் 47 பதிவுகள் இருந்தன. பெரும்பாலானவை இருபது, முப்பது ரூபாய்ச் செலவுகள். இதில் ஆபத்தொன்றும் இல்லை. ஆனால் பதிவுகள் இவ்வளவு அதிகமானபோது அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதை விட்டுவிட்டு மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கட்டத் தொடங்கினார். பில்லைப் படிக்கும் பழக்கம் அந்த மாதங்களிலேயே தளர்ந்துவிட்டது என்று பின்னர் அவரே சொன்னார்.

ஜூலை 10 அன்று

விடுதிக் கட்டணம் 12,000 ரூபாய் கட்ட வேண்டிய நாள் வந்தது. உதவித்தொகை வரவில்லை. அட்டையில் வரம்பு இருந்தது. ஜூலை 10 அன்று அட்டை வழியாகவே கட்டணத்தைச் செலுத்தினார். அந்தச் சுழற்சியில் வேறு செலவு செய்யாமல் பார்த்துக்கொண்டார். ஆகஸ்ட் 5 அன்று 12,000 ரூபாய்க்குப் பில் வந்தது. ஆகஸ்ட் 14 அன்று புத்தகங்களுக்காக மேலும் 2,000 ரூபாய் அட்டையில் செலவானது.

ஆகஸ்ட் 24 அன்று, கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்பு, அவர் வங்கியின் செயலியைத் திறந்தார். கட்டணத் திரையில் மூன்று கட்டங்கள் இருந்தன: மொத்தத் தொகை 12,000, குறைந்தபட்சத் தொகை 600, வேறு தொகை. சேமிப்புக் கணக்கில் அன்று 9,000 ரூபாய் இருந்தது. 12,000 கட்ட முடியாது என்பதால் 600 ரூபாயைத் தேர்ந்தெடுத்துக் கட்டினார். “உங்கள் கட்டணம் வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது” என்று பச்சை நிறத்தில் வந்த செய்தியை எனக்குக் காட்டியிருக்கிறார்.

“மினிமம் கட்டிட்டா அந்த மாசம் முடிஞ்சுதுன்னுதான் சார் நெனச்சேன். மீதிக்கு அடுத்த மாசம் ஏதோ கொஞ்சம் வட்டி வரும்னு தெரியும். அது இவ்வளவா இருக்கும்னு தெரியல” என்றார்.

செப்டம்பர் 5 அன்று வந்த பில்லில் வட்டி 798.35 ரூபாய், அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 143.70, ஆக 942.05. அவர் கட்டியது 600 ரூபாய். அதைவிட அதிகமான தொகை கட்டணமாகச் சேர்ந்திருந்தது. பழைய பாக்கி 11,400, புத்தகச் செலவு 2,000, இந்த 942.05 எல்லாம் சேர்ந்து மொத்தம் 14,342.05 ஆனது.

வட்டி எப்படி வந்தது

பில்லில் ஏதோ பிழை இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் அவர் என்னிடம் வந்தார். இருவரும் உட்கார்ந்து கணக்கிட்டோம், பிழை இல்லை. அட்டையின் வட்டி மாதத்துக்கு 3.5 விழுக்காடு, ஆண்டுக்கு 42. கட்டாமல் விட்ட 11,400 ரூபாய்க்கு ஆகஸ்ட் 25இலிருந்து வட்டி ஓடும் என்று அவர் எண்ணியிருந்தார். உண்மையில் அது செலவு செய்த நாளான ஜூலை 10இலிருந்தே ஓடியது. ஜூலை 10 முதல் செப்டம்பர் 5 வரை 57 நாள். 11,400 ரூபாய்க்கு 42 விழுக்காடு வீதம் 57 நாளுக்கு 747.72 ரூபாய். வட்டியில்லாக் காலம் என்பது பில்லை முழுமையாகக் கட்டுபவருக்கு மட்டும் தரப்படும் சலுகை. முழுமையாகக் கட்டாதபோது அந்தச் சலுகை பின்தேதியிட்டு விலகிவிடுகிறது.

இரண்டாவது அடி புத்தகச் செலவில் விழுந்தது. ஆகஸ்ட் 14 அன்று செய்த 2,000 ரூபாய்ச் செலவுக்குச் செப்டம்பர் 25 வரை அவகாசம் இருக்கிறது என்று அவர் நம்பினார். பழைய பாக்கி நிற்கும்போது புதிய செலவுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. 22 நாளுக்கு 50.63 ரூபாய். இரண்டையும் கூட்டினால் பில்லில் இருந்த 798.35 வருகிறது.

42 விழுக்காடு என்பது சட்டத்துக்கு உட்பட்டதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்த உச்சவரம்பு இப்போது இல்லை. குறைந்தபட்சத் தொகை கடனை வளர்த்துக்கொண்டே போகும்படி அமையக் கூடாது என்றும், கட்டப்படாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கு மேலும் வட்டி போடக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கியின் நெறிமுறை சொல்கிறது. செப்டம்பர் பில்லில் குறைந்தபட்சத் தொகை 600இலிருந்து வெகுவாக உயர்ந்திருந்ததற்கு, வட்டியும் வரியும் முழுமையாக அதில் சேர்க்கப்பட்டதே காரணம். விதி இந்த அளவுக்குப் பாதுகாப்புத் தருகிறது. முதல் மாதத்தில் பின்தேதியிட்டு வரும் வட்டியிலிருந்து அது காப்பாற்றுவதில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால், அவருடைய 20,000 ரூபாய் வைப்புநிதி ஓராண்டு முழுவதும் கிடந்து ஈட்டித் தருவது சுமார் 1,300 ரூபாய். அதில் முக்கால் பங்குக்குச் சற்றே குறைந்த தொகை ஒரே பில்லில் போயிற்று. அட்டைகளைத் தெரிவு செய்தபோது நாங்கள் மெனக்கெட்டுக் கணக்கிட்ட 131 ரூபாய் வேறுபாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எந்தக் கணக்கை நாங்கள் முதலில் போட்டிருக்க வேண்டும் என்பது தெரிந்தது.

எங்கே தவறு நேர்ந்தது

முதலாவது, கட்டணத் திரையில் இருந்த மூன்றாவது கட்டம். “வேறு தொகை” என்ற அந்தக் கட்டத்தை அவர் பொருட்படுத்தவே இல்லை. முழுத் தொகை கட்ட முடியாவிட்டால் குறைந்தபட்சம் கட்டுவதும் அதற்கு மேல் எவ்வளவு கட்டுவதும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தார். கணக்கில் இருந்த 9,000 ரூபாயில் 2,000 மட்டும் வைத்துக்கொண்டு 7,000 கட்டியிருந்தால், மீதி 5,000 ரூபாய்க்கு 57 நாள் வட்டி 327.95, புத்தகச் செலவின் வட்டியைச் சேர்த்தால் 378.58, ஜிஎஸ்டியோடு 446.72. பாதிக்கும் குறைவு. வட்டி, கட்டப்படாத தொகையின் மேல்தான் ஓடுகிறது. அதைக் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் பலன் தரும். மாணவர்களோடு பேசும்போது நான் இப்போதெல்லாம் இந்தக் கட்டத்தைப் பற்றித்தான் முதலில் சொல்கிறேன்.

இரண்டாவது, பில் நாள். மாணவிக்குப் பணம் வருவது மாதத்தின் 5ஆம் தேதியை ஒட்டி. கட்ட வேண்டிய கடைசி நாள் 25. மாதக் கடைசியில் கை வறண்டிருக்கும் நேரத்தில்தான் ஒவ்வொரு முறையும் அவர் பில்லைக் கட்டிக்கொண்டிருந்தார். 3,000 ரூபாய்ப் பில்லாக இருந்தவரை இது உறுத்தவில்லை. பில் சுழற்சியை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை அட்டைதாரருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறையிலேயே இருக்கிறது. நாங்கள் இருவரும் அதைப் பயன்படுத்த நினைக்கவில்லை. அட்டையை ஒப்பிட்ட காகிதத்தில் பில் தேதி என்று ஒரு வரிசையே இருக்கவில்லை.

மூன்றாவது, முடங்கிய வைப்புநிதி. என் ஆலோசனை தவறாகிப்போன இடம் இது. அவருடைய சேமிப்பு முழுவதும் லியனில் இருந்ததால், அவசரத்துக்கு அதைத் தொட வழியில்லாமல் போயிற்று. 20,000 ரூபாயை இரண்டு வைப்புகளாகப் பிரித்து, 10,000 ரூபாயை மட்டும் அட்டைக்கு ஈடாக வைத்திருந்தால், மற்றொரு 10,000 ரூபாய் வைப்பின் பேரில் 9,000 ரூபாய் வரை கடன் வாங்கியிருக்கலாம். வைப்புநிதிக் கடனுக்கு வட்டி வைப்பு வட்டியைவிட ஓரிரு விழுக்காடுதான் கூடுதலாக இருக்கும், 8.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 24 அன்று 9,000 வாங்கி, கணக்கில் இருந்ததிலிருந்து 3,000 போட்டு முழுப் பில்லையும் கட்டி, உதவித்தொகை வந்த செப்டம்பர் 8 அன்று கடனை அடைத்திருந்தால் 15 நாளுக்கு வட்டி 31 ரூபாய் 44 பைசா. அவரிடம் இருந்த மிக மலிவான கடன் வழியை, மிக விலையுயர்ந்த கடன் வழிக்கு ஈடாக வைக்கும்படி நான் சொல்லியிருக்கிறேன்.

வரம்பு 8,000 ஆக இருந்திருந்தால் 12,000 ரூபாய் விடுதிக் கட்டணத்தை அட்டையில் முழுமையாகக் கட்டியிருக்க முடியாதே என்று கேட்கலாம். உண்மைதான், அதுவும் நன்மையாகவே முடிந்திருக்கும். உதவித்தொகைக்காகக் காத்திருப்பவர்கள் கடிதம் எழுதிக் கொடுத்தால் விடுதி அலுவலகம் கூடுதல் அவகாசம் தருகிறது என்று பின்னர் விசாரித்தபோது தெரிந்தது. அட்டையில் வரம்பு இருந்ததால் அவருக்கு அந்த அலுவலகத்தின் படியேற வேண்டிய தேவையே எழவில்லை.

பயன்பாட்டு விகிதத்துக்காகத்தான் முழுத் தொகையையும் வைக்கச் சொன்னேன் என்று மேலே குறிப்பிட்டேன். அந்த விகிதம் ஒரு நாள் நிலவரம். இந்த மாதம் உயர்ந்தால் அடுத்த மாதம் குறையும். 8,000 வரம்பில் 3,000 செலவழித்தாலும், பில் போடும் நாளுக்கு முன்பே 1,000 ரூபாய் கட்டிவிட்டால் பில்லில் 2,000தான் நிற்கும். விகிதம் 25 விழுக்காடு. இவ்வளவு எளிதாகச் சரிசெய்யக்கூடிய ஒன்றுக்காக ஒருவருடைய முழுச் சேமிப்பையும் ஓராண்டுக்குப் பூட்டி வைத்திருக்க வேண்டியதில்லை. அந்தச் செப்டம்பர் பில்லில் அவருடைய பயன்பாடு 16,000 வரம்பில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைத் தொட்டது. விகிதத்தைக் காக்க எடுத்த முடிவு விகிதத்தையும் காக்கவில்லை.

சரிசெய்த விதம்

செப்டம்பர் 8 அன்று உதவித்தொகை வந்ததும் அவர் 14,342.05 ரூபாயை முழுமையாகக் கட்டினார். கணக்கு முடிந்தது என்று அவர் நினைத்தார். முடியவில்லை. செப்டம்பர் 5 முதல் 8 வரை மூன்று நாளுக்கு 13,400 ரூபாய் அசலின் மேல் வட்டி 46.26, ஜிஎஸ்டி 8.33, ஆக 54.59 ரூபாய் அக்டோபர் 5 பில்லில் வரும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தேன். அப்படியே வந்தது. இந்த எச்ச வட்டியைப் பலர் கவனிப்பதில்லை. அட்டையை அதன் பிறகு பயன்படுத்தாமல் வைத்துவிட்டால் பில்லைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். ஐம்பது ரூபாய் பாக்கிக்காகத் தாமதப் பதிவு விழும். கடைசி நாள் கழிந்து மூன்று நாளுக்கு மேல் நின்றால்தான் தவணை தவறியதாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கலாம், தாமதக் கட்டணமும் விதிக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் பில்லையே பார்க்காதவருக்கு மூன்று நாளும் ஒன்றுதான், முப்பது நாளும் ஒன்றுதான்.

அடுத்ததாகப் பில் சுழற்சியை மாற்றக் கேட்டு எழுதினார். இப்போது பில் 20ஆம் தேதி போடப்படுகிறது. கட்ட வேண்டிய கடைசி நாள் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் வருகிறது, அதாவது கையில் பணம் வந்து சில நாள் ஆன பிறகு. சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும் வசதியையும் ஏற்படுத்திக்கொண்டார். அந்தப் படிவத்திலும் குறைந்தபட்சத் தொகையா, மொத்தத் தொகையா என்ற கேள்வி இருந்தது. மொத்தத் தொகையைக் குறித்தார். இணையச் செலவு, வெளிநாட்டுச் செலவு போன்றவற்றை வாடிக்கையாளரே திறந்து மூடவும், ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு வைக்கவும் 2020 அக்டோபர் 1 முதல் வசதி உண்டு. அதன்படி வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மூடிவிட்டு, மற்றவற்றுக்கு 4,000 ரூபாய் வரம்பு வைத்துக்கொண்டார்.

கடன் அறிக்கையைப் பார்ப்பதற்கு அவர் பணம் செலவழிக்கவில்லை. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017இலிருந்து நடப்பில் இருக்கும் விதி. மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்து வாங்கினால் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். அக்டோபரில் எடுத்த அறிக்கையில் ஜனவரியின் இரண்டு விசாரணைகளும் இருந்தன. அட்டைக் கணக்கில் தாமதம் என்று ஒரு பதிவும் இல்லை. குறைந்தபட்சத் தொகையையாவது உரிய நாளுக்குள் கட்டியதன் பலன் அது. அவர் செய்ததில் சரியானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இப்போதைய நிலை

அட்டையை மூடிவிடலாமா என்று செப்டம்பரில் அவர் கேட்டார். எல்லா நிலுவையும் கட்டிய பிறகு கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் வங்கி கணக்கை மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அட்டைதாரருக்குத் தர வேண்டும். ஆகவே மூடுவதில் சிரமம் இல்லை. ஆனால் வரலாறு உருவாக்கவே வாங்கிய அட்டையை ஏழாம் மாதத்தில் மூடினால் மீண்டும் தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கும் என்பதால் வேண்டாம் என்றேன், அவரும் ஒத்துக்கொண்டார். லியன் தொகையில் பாதியை மட்டும் விடுவிக்க முடியுமா என்று வங்கிக் கிளையில் கேட்டதற்கு, அட்டைக் கணக்கை மூடிவிட்டுப் புதிதாக விண்ணப்பித்தால்தான் முடியும் என்று பதில் கிடைத்தது. 2026 பிப்ரவரியில் வைப்புநிதி முதிர்வடையும். அதைத் தானாகப் புதுப்பிக்க விடாமல், அன்றைக்கு நேரில் சென்று குறைந்த தொகைக்கு மாற்றி எழுதித் தர முடியுமா என்று மறுபடி கேட்பதாக இருக்கிறார்.

இதற்கிடையில் அக்டோபரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். அதன் மேல் எந்தப் பிணையும் இல்லை. சென்ற மாதம் பில்லை எடுத்துக்கொண்டு வந்தார். 31 பதிவுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டுச் சரிபார்த்திருந்தார். மொத்தம் 2,860 ரூபாய். வட்டி என்ற வரிக்கு எதிரே பூஜ்யம் என்று இருந்த இடத்தில் மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தார்.